ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

மலேசியத் தமிழ் நாளிதழ் படிப்பவருக்குப் புக்கிட் தாகார் என்றால் வீட்டுப் பிரச்சினை. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் வீடு கேட்டுக் காத்திருந்த செய்தியை எத்தனை தேர்தல்களில் படித்தோம்! கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கு அதே பெயர் குப்பைக் கணக்கு. பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகள் கட்டி வைக்கும் எச்சில் இலையும் தேங்காய்த் துருவலும் ஜிஞ்சாங் பக்கம் தாமான் பெரிங்கின் மாற்று நிலையத்துக்குப் போகும். அங்கே அழுத்தி அடைத்து, பெரிய லோரியில் ஏற்றி, வடக்கே உலு சிலாங்கூரில் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். குப்பை லோரி 2005லேயே புக்கிட் தாகாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வீடுகளுக்கு மத்திய அரசு பணம் அறிவித்ததோ 2023ல்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கின் குப்பை நிர்வாகம் நன்றாகவே தேறியிருக்கிறது. ஒரு காலத்தில் பள்ளம் கண்ட இடத்தில் கொட்டினார்கள். மழை பெய்தால் குப்பைச்சாறு நேராக ஆற்றுக்குப் போனது. 1995ல் பூச்சோங் ஆயர் ஹீத்தாமில் முறையான புதைகிடங்கு வந்தது. அடியில் கசியாத விரிப்பு, சாறு வடியக் குழாய், கொட்டிய குப்பைக்கு மேலே மண். 2004ல் அங்கே ஊறிய மீத்தேனைக் கொண்டு மின்சாரமும் எடுத்தார்கள். அது 2006 முடிவில் மூடப்பட்டு, குப்பை கோலசிலாங்கூர் மாவட்டத்து ஜெராமுக்குப் போனது. தாமான் பெரிங்கின் பழைய குப்பைமேட்டை மூடி, அதற்குப் பதிலாகப் புக்கிட் தாகார் வந்தது. 700 ஏக்கர் கிடங்கு, அதைச் சுற்றி 1,000 ஏக்கர் செம்பனை வேலி. இதெல்லாம் சாதாரண காரியம் இல்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்பு மீத்தொட்டமுல்லயில் குப்பைமலை சரிந்து முப்பது பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். நகரத்துக்கு நடுவே மேட்டை வளரவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

என் சண்டை பொறியியலோடு இல்லை. எந்தப் புகாருக்கும் நம் நிர்வாகத்திடம் இருக்கும் மருந்து ஒன்றுதான்: தூரம். யார் உரக்கக் கத்துகிறார்களோ அவர்களிடமிருந்து தூரம். எரியுலைத் திட்டத்தைப் பாருங்கள். முதலில் பூச்சோங் கம்போங் போஹோலில் கட்டுவதாக இருந்தது. மக்கள் எதிர்த்தார்கள். உடனே அது செமினிக்கு அப்பால் புரோகாவுக்கு இடம் மாறியது. நாளுக்கு 1,500 டன் எரிக்கும் உலை, கிராமத்துக்குப் பக்கத்தில். புரோகாக்காரர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். 2007ல் திட்டமே கைவிடப்பட்டது. ஓர் ஊருக்கு ஆகாதது இன்னோர் ஊருக்கு எப்படி ஆகும் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஜிஞ்சாங்கின் கதை இன்னும் சிக்கல். தற்காலிகம் என்று சொல்லிப் புறம்போக்கு நிலங்களிலிருந்து கொண்டுவந்து வைத்த நீண்ட வீடுகளில், நம்மவர் பலர் உட்படப் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்த இடம் அது. குப்பைமேடு போனது, மாற்று நிலையம் அங்கேயே இருந்தது. சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் 1,000 டன் எரியுலை என்றார்கள். கெப்போங் வட்டாரமே தெருவுக்கு வந்த பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. அறிவிப்பு முதலில், கலந்துபேசுவது எதிர்ப்புக்குப் பிறகு. இந்த வரிசை மாறாத வரைக்கும் எவ்வளவு நல்ல திட்டத்தையும் மக்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

சரி, யாரிடம் போய்க் கேட்பது? குப்பை கோலாலம்பூருடையது, கிடங்கு சிலாங்கூரில். 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் 2011ல் அமலுக்கு வந்தபோது கோலாலம்பூர் அதற்குள் வந்தது, சிலாங்கூர் வரவில்லை. வீடு கட்ட அனுமதி கொடுப்பது நகராண்மைக் கழகம். குப்பைச்சாற்றைச் சோதிப்பது சுற்றுச்சூழல் துறை. கிடங்கை நடத்துவது ஒரு நிறுவனம். ஆளுக்கொரு மேசை. அந்த மேசைகளில் உட்காரும் நகராண்மைக் கழக உறுப்பினரும் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர் இல்லை. 1965ல் நிறுத்திய ஊராட்சித் தேர்தல் திரும்பவே இல்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் கதவையே சாத்திவிட்டது. தேர்தல் வேண்டும் என்று 1968ல் அறிக்கை கொடுத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் நம் ஆதி நாகப்பன். தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் அவர் பெயரில் சாலை இருக்கிறது, அறிக்கை அலமாரியில் இருக்கிறது.

வாடை விஷயத்தில், கேட்க ஆளில்லாத இந்தக் குறை பளிச்சென்று தெரியும். 2009ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வெளியேறும் குப்பைச்சாற்றில் எது எவ்வளவு இருக்கலாம் என்று எண்ணால் சொல்கின்றன. புட்டியில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். வாடையைப் புட்டியில் பிடிக்க முடியுமா? அது மழை விட்ட இரவில், காற்று குளிர்ந்து தரையோடு படியும் நேரத்தில் வரும். கிடங்குக்கு அருகே இருப்பவர்கள் காயப்போட்ட துணியை உள்ளே எடுத்து, சன்னலைச் சாத்தி, விசிறியைப் போட்டுக்கொண்டு படுப்பார்கள். பகலில் வெயில் ஏறினால் காற்று மேலே எழும்பிக் கலைந்துவிடும். அதிகாரி வருவது அப்போதுதான். பொய் சொல்கிறார் என்று அவர்மேல் பழி போடவும் முடியாது. அவர் மூக்குக்கு உண்மையிலேயே ஒன்றும் எட்டுவதில்லை.

கிடங்குக்குப் பக்கத்துத் தாமான் ஒன்றில், ஒரு வீட்டில் பத்திரமாக மடித்து வைத்திருந்த புகார்த் தாளை எனக்குக் காட்டினார்கள். புகார் செய்த நேரம் என்ற கட்டத்தில் இரவு 11.40. நேரில் பார்த்த நேரம், மூன்றாம் நாள் காலை 10 மணி. கண்டறிந்தது என்ற கட்டத்தில் நீல மையில், அழகான கையெழுத்தில்: வாடை இல்லை.