பரிசு நூல்களில் முஸ்லிம் இளமை

ஃபிக்ஹு நூல்கள் கடமைகளைப் பொறுத்தவரை மனிதரைப் பருவமெய்தாதவர், பருவமெய்தியவர் என்று பகுக்கின்றன. பருவமெய்திய நாள்முதல் தொழுகையும் நோன்பும் கடமை. தன் செயலுக்குத் தானே பொறுப்பு. சிறுவராகவும் இல்லாத, பெரியவராகவும் ஆகாத ஓர் இடைநிலையை வகுத்து, அதற்கென நூல்களும் நூலகத்தில் தனி அடுக்கும் பரிசும் ஏற்படுத்தியது இருபதாம் நூற்றாண்டு. எனினும் மனித வளர்ச்சியைப் படிப்படியாகக் கண்ட எழுத்து நம் மரபில் இல்லாமலில்லை. 12ஆம் நூற்றாண்டில் அந்தலூஸில் வாழ்ந்த இப்னு துஃபைல், ‘ஹய்யு இப்னு யக்ளான்’ கதையில் நாயகனின் அறிவு மலர்வதை ஏழேழு ஆண்டுகளாக அளந்து காட்டுகிறார். அதை அவர் இளைஞருக்கென எழுதவில்லை என்பது வேறு செய்தி.

இன்று உலகெங்கும் பதின்பருவத்தினரின் கைக்கு எந்த நூல் போய்ச் சேர்கிறது என்பதைப் பரிசுகள் பெருமளவு தீர்மானிக்கின்றன. அவற்றுள் அமெரிக்கப் பரிசுகளின் செல்வாக்கு மிகுதி. அமெரிக்க நூலகச் சங்கம் 1922 முதல் வழங்கிவரும் நியூபெரி பதக்கம் பதினான்கு வயது வரையுள்ளோருக்கான நூல்களுக்குரியது. அதனினும் மூத்தவர்களை நோக்கி எழுந்தது மைக்கேல் எல். பிரின்ட்ஸ் விருது. கான்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் பள்ளி நூலகராகப் பணியாற்றியவரின் பெயரால் 2000 முதல் அது அளிக்கப்படுகிறது. அதன் விதிகளில் நம் கருத்தைக் கவர்வது ஒன்றுண்டு. நூலின் இலக்கியத் தரமே அளவுகோல்; அது புகட்டும் நீதியும் பெற்ற விற்பனையும் கணக்கில் சேரா. முதல் விருதைப் பெற்ற வால்டர் டீன் மையர்ஸின் ‘மான்ஸ்டர்’ இதற்குத் தக்க சான்று. கொலை வழக்கில் சிக்கிய பதினாறு வயதுக் கறுப்பினச் சிறுவன் தன் வழக்கைத் திரைக்கதையாக எழுதிச் செல்கிறான். அவன் எவ்வளவு குற்றவாளி என்பதை ஆசிரியர் கடைசிவரை நமக்கு உறுதியாகச் சொல்லுவதில்லை.

இத்தகைய பரிசுகளின் வழியே அறிமுகமாகும் முஸ்லிம் இளைஞர் யார்? மூன்று நூல்களைக் கொண்டு இவ்வினாவை ஆராய விழைகிறோம். நல்ல முஸ்லிம் எத்தனை பேர், தீய முஸ்லிம் எத்தனை பேர் என்று தலையெண்ணிக் கணக்கெடுக்கும் திறனாய்வு நம்மிடையே பரவலாக உண்டு. அது எளிது; ஆனால் எந்த நூலையும் விளக்கியதில்லை.

முதலாவது, சூசன் ஃபிஷர் ஸ்டேபிள்ஸ் எழுதிய ‘ஷபானு’. 1989இல் வெளிவந்து, மறு ஆண்டில் நியூபெரி பதக்கத்துக்கு அடுத்த நிலையான மதிப்புச் சான்றைப் பெற்றது. ஆசிரியர் ஆசியாவில் செய்தி நிருபராகப் பணியாற்றிய அமெரிக்கர். பாகிஸ்தானின் சோலிஸ்தான் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கும் குடும்பத்தின் இளைய மகள் ஷபானு. கதை தொடங்கும்போது வயது பதினொன்று. அக்காள் ஃபூலானுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை நிலக்கிழார் ஒருவருடன் மூண்ட பகையில் கொல்லப்படுகிறான். ஷபானுவுக்கென்றிருந்த முராதை அக்காளுக்கு மணமுடித்துவிட்டு, ஷபானுவை அந்நிலக்கிழாரின் சகோதரரான முதியவருக்கு நான்காம் மனைவியாகத் தர இசைகின்றனர்.

இந்நூலின் சிறப்பை மறைப்பது நேர்மையாகாது. மணற்புயலும் வறண்ட குளமும் ஒட்டகத்தின் பேறுகாலமும் இதில் வருவது போல் வேறு இளையோர் நூலில் வந்திருப்பது அரிது. சீபிச் சந்தையில் குலுபந்த் என்னும் ஒட்டகத்தைத் தந்தை விற்கும் பகுதியில், ஒரு பெண்குழந்தையின் நெஞ்சு முதன்முறை உடைவதைக் காண்கிறோம். பின்னர் அவளே ஓர் ஒட்டகம் போல் கைமாறப்போவதற்கு அது முன்னோட்டம். ஆசிரியர் அதை உரக்கச் சொல்லாமல் விட்டிருப்பது அவருடைய தேர்ச்சி.

குறை வேறிடத்தில் உள்ளது. இக்குடும்பத்தார் தொழுகின்றனர், சன்னன் பீர் தர்காவுக்குச் சென்று வேண்டுகின்றனர். ஆயினும் மார்க்கம் அவர்களுக்குச் சிந்திக்கும் கருவியாக ஓரிடத்திலும் பயன்படவில்லை. மணப்பெண்ணின் சம்மதம் குறித்து நான்கு மத்ஹபுகளின் நூல்களிலும் நீண்ட விவாதம் உண்டு. வலீயின் உரிமை எதுவரை என்பதில் கருத்து வேறுபாடும் உண்டு. அவ்விவாதத்தின் எதிரொலிகூட இப்பாலைவனத்தை எட்டவில்லை. எழுத்தறியாத மேய்ப்பருக்கு ஃபிக்ஹு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மகளை அடித்தவாறே தானும் அழும் தந்தையின் உள்ளத்தில் இறைவனைப் பற்றிய ஒரு கேள்வியேனும் எழுந்திராதா? அச்சம், கௌரவம், நிலம், நீர் என்று அவரை இயக்கும் எல்லாவற்றையும் கண்டுகொண்ட ஆசிரியர், ஈமானை மட்டும் உடையைப் போல் வெளியே தொங்கவிட்டுவிட்டார். வழக்கத்தையும் மார்க்கத்தையும் பிரித்தறிய வழியில்லாத அமெரிக்கச் சிறுமி இதைப் படித்து இரண்டும் ஒன்றே எனக் கொள்வாள். நம் வீட்டுப் பெண்பிள்ளை படித்தாலோ, அத்தை ஷர்மாவைப் போல் தனித்து வாழ்வதொன்றே விடுதலைக்கு வழி என்று கருதக்கூடும்.

முப்பதாண்டு கழித்து வந்த ஜாஸ்மின் வார்காவின் ‘அதர் வேர்ட்ஸ் ஃபார் ஹோம்’ 2020இல் அதே நியூபெரி மதிப்புச் சான்றைப் பெற்றது. போர் சூழ்ந்த சிரியாவில் தந்தையையும் அண்ணனையும் விட்டுவிட்டு, கருவுற்ற தாயுடன் அமெரிக்காவின் சின்சினாட்டி நகருக்கு வந்து சேரும் ஜூட் என்ற சிறுமியின் கதை. புதுக்கவிதை நடையில் அமைந்தது. இதில் ஹிஜாப் அணிவது அவள் வளர்ந்துவிட்டாள் என்பதன் அடையாளம். அதை அவள் மகிழ்ச்சியோடு எதிர்பார்த்திருக்கிறாள். மிரட்டியோ மன்றாடியோ எவரும் அணிவிப்பதில்லை. நூல் இதமானது, சில இடங்களில் வேண்டியதற்கு மேல் இதமானது. அமெரிக்க வாசகரைச் சங்கடப்படுத்திவிடக் கூடாதே என்னும் கவலை வரிகளினூடே தெரிகிறது.

அத்தகைய கவலை சிறிதுமற்றது ஸபா தாஹிரின் ‘ஆல் மை ரேஜ்’. என் சினமெல்லாம் என்று பெயர்க்கலாம். 2022இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதை இளையோர் பிரிவிலும், 2023இல் பிரின்ட்ஸ் விருதையும் பெற்றது. மொஹாவி பாலைவனத்தில் பெற்றோர் நடத்திய பதினெட்டு அறை விடுதியில் வளர்ந்தவர் ஆசிரியர். கதையிலும் அத்தகையதொரு விடுதி வருகிறது. லாகூரிலிருந்து வந்த மிஸ்பா அதை நடத்துகிறார். கணவர் குடிக்கு அடிமை. சிறுநீரக நோய் மிஸ்பாவைக் கொண்டுபோகிறது. விடுதியைக் காக்கப் பணமில்லாத மகன் ஸலாஹுத்தீன் போதைப்பொருள் விற்கத் தொடங்குகிறான். அவனுடைய தோழி நூர், பாகிஸ்தானில் நிலநடுக்கம் குடும்பம் முழுவதையும் விழுங்கியபோது இடிபாட்டிலிருந்து சிற்றப்பாவால் மீட்கப்பட்டவள். மீட்ட அவரே அவளை அடிக்கிறார். கல்லூரிக்கு அனுப்ப மறுத்துத் தம் மதுக்கடையில் நிற்கவைக்கிறார்.

குடிகாரத் தந்தை, மதுக்கடைச் சிற்றப்பா, போதைப்பொருள் விற்கும் மகன்: இதையா நம் பிள்ளைகளிடம் கொடுப்பது? இந்நூலைக் காணும் பெற்றோர் முதலில் கேட்பது இதுவாகவே இருக்கும். அக்கேள்வியில் நியாயமுண்டு. ஆயினும் இந்நூலில் மார்க்கம் எங்கே நிற்கிறது என்று அவர்கள் பார்க்க வேண்டும். கொடுமை செய்யும் சிற்றப்பா, பிறந்த நாட்டையும் அதன் மொழியையும் சமயத்தையும் அருவருத்து ஒதுக்கியவர். ஊர்ப் பள்ளிவாசலின் இமாமோ இளைஞர். அறிவுரைகளை அடுக்காமல் அருகில் வந்து அமர்பவர். அவருடைய மனைவி வழக்கறிஞர். இவ்விருவர் மீதும் வழக்கு வரும்போது துணைக்கு நிற்கிறார். இவர்களை ஆசிரியர் ‘முன்மாதிரி முஸ்லிம்கள்’ எனப் பட்டயம் கட்டி நிறுத்தவில்லை. அக்கம்பக்கத்தார் வருவதுபோல் வந்து போகின்றனர்.

அதனினும் ஆழமானது மன்னிப்பைப் பற்றிய கேள்வி. சாகும் தறுவாயில் மிஸ்பா நூரிடம் கேட்பது மன்னித்தலையே. நூலின் எஞ்சிய பகுதி முழுவதும் அவ்வேண்டுகோளின் பாரத்தைச் சுமக்கிறது. யாரை மன்னிப்பது? தன்னைப் பொய்யால் கெடுத்த நண்பனையா, உயிர் தந்து உயிரைப் பிழியும் சிற்றப்பாவையா? ‘மஃபிரத்’ என்ற சொல்லை நாம் நாள்தோறும் துஆவில் கேட்கிறோம். இறைவனிடம் கேட்பது நமக்கு எளிது. இன்னொரு மனிதனுக்கு அதைக் கொடுப்பது எத்தகைய வேதனை என்பதைப் பதினெட்டு வயதுப் பெண்ணின் சினத்தினூடே இந்நூல் காட்டுகிறது. நூர் எல்லாரையும் ஒன்றுபோல் மன்னித்துவிடுவதில்லை. சிற்றப்பா தனக்காகத் தம் படிப்பைக் கைவிட்டவர் என்பதையும் அறிவாள். அந்த நன்றிக்கடனுக்காக அடியை நியாயப்படுத்தவும் மறுக்கிறாள். ‘ஷபானு’வின் தந்தைக்கு மறுக்கப்பட்ட அகவாழ்வு இங்கே ஒவ்வொருவருக்கும் கிடைத்திருக்கிறது. உள்ளிருந்து எழுதுவதற்கும் வெளியிலிருந்து எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிறப்புச் சான்றிதழில் தேட வேண்டியதில்லை. இத்தகைய இடங்களில் அது தெரியும்.

பிரின்ட்ஸ் விருதாளர்கள் இதைத் தேர்ந்தது தகும் என்றே கருதுகிறோம். எனினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. அடிபடும் சிறுமி, அகதிச் சிறுமி, அநாதைப் பெண் என்று மூன்று நூல்களிலும் முஸ்லிம் இளமை துயரத்தின் வாயிலாகவே பரிசு மேடைக்கு வருகிறது. ‘ஆல் மை ரேஜ்’ நூலிலும் துயரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. சாவு, கடன், குடி, அடி, போதை, வழக்கு, இவை போதாவென்று ஸலாஹுத்தீனின் பிள்ளைப்பருவத்துக் காயமொன்றும் பிற்பகுதியில் வெளிப்படுகிறது. அந்தக் காயத்துக்கு மட்டுமே ஒரு நூல் தேவை. இங்கே அதற்குச் சில பக்கங்களே வாய்த்துள்ளன. நீதிமன்றப் பகுதியும் விரைந்து முடிகிறது. ‘மான்ஸ்டர்’ தன் வழக்கில் விட்டுவைத்த ஐயத்தை இந்நூல் விட்டுவைக்கவில்லை. மாறாக, மிஸ்பா தம் இளமைக்கால லாகூரை நினைவுகூரும் சிறு இயல்கள் அவசரமின்றி நடக்கின்றன. மொட்டைமாடி, மழை, திருமணப் பேச்சு, முன்பின் அறியாத கணவரிடம் மெல்ல அரும்பும் அன்பு என்று அவை விரிகின்றன. நாம் இரண்டாம் முறை படித்தவை அவ்வியல்களே.