எழுதியாயிற்று என்று சொல்லும் டிஸ்க்

டேட்டாபேஸ் சர்வர் கட்ட உட்காருபவர்கள் பெரும்பாலும் பிராசசரிலிருந்து தொடங்குவார்கள். நான் டிஸ்க்கிலிருந்து தொடங்குவேன். அதன் வேகத்தைக்கூடப் பிறகுதான் பார்ப்பேன். மின்சாரம் போகும் அந்த நொடியில் அது என்ன செய்யும் என்பதே முதல் கேள்வி.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒரு கமிட்டை ஏற்குமுன் மாற்றத்தை லாகில் எழுதி, அது டிஸ்க்கில் பதியும்வரை காத்திருக்கும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க், நொடிக்கு 120 முறைதான் சுற்றுகிறது. ஒரே இணைப்பிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும் கமிட்டுகளும் ஏறக்குறைய அந்த எண்ணிக்கையில்தான் முடிய வேண்டும். ஆயிரக்கணக்கில் முடிந்தால், இடையிலுள்ள கேஷ் ஒன்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தக் கேஷுக்கு பேட்டரி காவல் இல்லையென்றால், பேரேட்டில் ஏற்றாமலே 'வரவு வைத்தாயிற்று' என்கிற கணக்குப்பிள்ளைக்கும் அந்த டிஸ்க்குக்கும் வேறுபாடு இல்லை. போஸ்ட்கிரெஸுடனேயே வரும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் என்ற சிறு கருவி இதைச் சில நிமிடங்களில் காட்டிக்கொடுத்துவிடும்.

சர்வருக்கென்றே செய்த எஸ்எஸ்டியின் பலகையில் வரிசையாகச் சில கப்பாசிட்டர்கள் இருக்கும். இந்த இயந்திரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பாகம் அவைதான். எழுத வந்த தரவு முதலில் எஸ்எஸ்டிக்குள் இருக்கும் டிராமில் தங்குகிறது. மின்சாரம் அறுந்தாலும், அதை ஃபிளாஷுக்குள் இறக்கிவிடும் அளவுக்குக் கப்பாசிட்டர்களில் மின்னூட்டம் இருக்கிறது. அதனால் டிராமில் வந்து சேர்ந்ததுமே 'எழுதியாயிற்று' என்று சொல்லலாம், அது பொய்யாகாது. பாதுகாப்புக்காக வைத்த பொருளே வேகத்தையும் தருகிறது என்பதுதான் இந்த வடிவமைப்பின் அழகு. கப்பாசிட்டர் இல்லாத வீட்டு உபயோக எஸ்எஸ்டி, ஒவ்வொரு கமிட்டுக்கும் ஃபிளாஷ்வரை போய்வந்து திணற வேண்டும், அல்லது ஏமாற்ற வேண்டும். 2011-இல் வந்த இன்டெல் 320 வரிசை, அதிக விலையில்லாத எஸ்எஸ்டியிலும் இந்தக் காவலை வைத்ததால்தான் டேட்டாபேஸ்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

ராமில், பிழை திருத்தும் இசிசி கட்டாயம். டிடிஆர்4 வரை 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் பிழையைத் திருத்துவார்கள். டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே ஒரு திருத்தம் உண்டென்று விற்பார்கள்; சிப்பிலிருந்து பிராசசர்வரையிலான பாதையை அது காப்பதில்லை. டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டில் 10தான் என் தேர்வு. ரெய்டு 5-இல் ஒரு சிறு எழுத்துக்கு இரண்டு வாசிப்பு, இரண்டு எழுத்து என்று நான்கு வேலை. பிராசசரில் கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகத்துக்குக் காசு கொடுக்கலாம். 2016-இல் 9.6 பதிப்பு வரும்வரை போஸ்ட்கிரெஸில் ஒரு வினவல் ஒரே கோரில்தான் ஓடியது. இன்றும் சிறு வினவல்கள் அப்படித்தான் ஓடுகின்றன.

இன்டெலின் ஆப்டேன் டிஸ்க்கைச் சொல்லாமல் விட மனமில்லை. டிராமில் தங்க வைக்காமல் நேராக ஊடகத்திலேயே எழுதியும், பத்து மைக்ரோ நொடி அளவில் பதில் சொன்ன டிஸ்க் அது. 2022-இல் இன்டெல் அந்தத் தொழிலைக் கைவிட்டது. பழைய சந்தையில் நல்ல நிலையில் ஓர் ஆப்டேன் பி4800எக்ஸ் கிடைத்தால், லாகுக்கு மட்டுமே என்றாலும் வாங்கிவிடலாம்.