கௌரிப் பாட்டி புறப்பட்ட வழி

நம் கதைகளில் பாட்டி என்றால் பெரும்பாலும் ஒரு மடி, கொஞ்சம் தின்பண்டம், உறங்குமுன் ஒரு கதை. திருமுக்கூடல் பக்கத்து நெசவாளர் இல்லங்களில் நாம் காணும் பாட்டியரோ, தார் சுற்றியபடியே பேரப்பிள்ளைகளை அதட்டுகிறவர்கள். அந்த அதட்டலுக்குக் கதைகளில் இடம் குறைவு.

புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், சிறுமி வள்ளி கடவுளையே தாத்தாவாக்கி விளையாட இழுக்கிறாள். படித்து மகிழ்கிறோம். ஆனால் அந்தத் தாத்தா எதையும் இழப்பதில்லை.

ஜெயகாந்தனின் 'யுகசந்தி'யில் வரும் கௌரிப் பாட்டி இழக்கிறாள். இளம் கைம்பெண்ணான பேத்தி கீதா, மறுமணம் செய்யத் துணிந்து கடிதம் எழுதுகிறாள். தந்தை கணேசய்யர் குமுறுகிறார். பாட்டியும் கைம்பெண்தான், ஆசாரத்தில் ஊறியவள். அவளை ஆசிரியர் ஒரே நொடியில் சீர்திருத்தவாதியாக்கிவிடவில்லை. கடிதம் கண்டு அவளும் கலங்குகிறாள். அந்தக் கலக்கத்தாலேயே கதையை நம்புகிறோம். தன் வாழ்வின் வெறுமையைப் பேத்தியின் வாழ்வோடு வைத்துப் பார்த்தபின், மகன் வீட்டை விட்டு அவளிடமே புறப்படுகிறாள். இந்த வயதில், இத்தனை ஆசாரத்தோடு! கொஞ்சல் மொழி ஏதுமின்றியே பாசத்தின் ஆழம் நமக்குப் புலப்படுகிறது.

குறை ஒன்று உண்டு. கீதாவின் குரலைப் பெரும்பாலும் கடிதத்தின் வழியாகவே கேட்கிறோம். வாசலில் வந்து நின்ற பாட்டியைக் கண்டதும் அவள் என்ன சொன்னாள் என்று அறிய மனம் ஏங்குகிறது.