கடல்புரத்தில்: வல்லமும் லாஞ்சியும்

1977 இல் நூலாக வெளிவந்த வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', பாய்விரித்தோடிய வல்லங்களுக்கும் லாஞ்சிகளுக்கும் இடையே மணப்பாட்டுக் கரையில் மூண்ட பகையைப் பொருளாகக் கொண்ட நாவல். வல்லத்தை விற்க நேர்ந்த குரூஸ் மிக்கேலின் மனமுறிவைச் சித்திரித்தவிடத்து ஆசிரியரின் ஆற்றலை நாம் ஐயமின்றி ஏற்கின்றோம். வல்லம் அவனுக்கு வெறும் உடைமையன்று.

ஆயின் இத்தகைய பகையின் வேர் பங்குமுறையிலேயே உள்ளது. காற்றுக்கு விலையில்லை, எண்ணெய்ச் செலவோ பங்கிடுமுன்னரே கழிக்கப்படுவது. இயந்திரம் வாங்கும் முதலுடையவனுக்கே பெரும்பங்கு சேர்கின்றது; வல்லக்காரன் கூலியாளாகின்றான். நாவலில் இக்கணக்கு மங்கியே தெரிகின்றது. பிலோமியின் காதலும் துயரும் முன்னிற்கின்றன. இலங்கைக் கரைகளில் 1958 இல் தொடங்கிய இயந்திரப்படகுக் கடன்திட்டத்தின் பின் இதே கணக்கைக் கண்டவர்கள் நாம். ஆதலின் அம்மௌனத்தைக் கலையடக்கமென்று விட்டுவிட எம்மால் முடியவில்லை.