இசை ஆராய்ச்சியில் காது

சில மாதங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தில், இசைத்துறையில் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம்; அநேகமாக யாரும் போவதில்லை. ஆய்வேடு தோடி ராகம் பற்றியது, முந்நூறு பக்கம். எழுதிய பெண்ணின் கச்சேரியை ஒருமுறை கேட்டிருக்கிறேன், நன்றாகப் பாடுகிறவர். லக்ஷண கிரந்தங்களில் தோடி எங்கெங்கே வருகிறது, எந்த வாக்கேயகாரர் எத்தனை உருப்படி செய்திருக்கிறார், அவை எந்தெந்தத் தாளத்தில் என்று அட்டவணைகள் திரையில் ஓடின. கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "இவ்வளவு சொன்னீங்களேம்மா, அந்தக் காந்தாரத்தை ஒரு தரம் பாடிக் காட்டுங்க" என்றார். பெண் வாயெடுப்பதற்குள் வழிகாட்டி குறுக்கிட்டார்: "அது ஆய்வின் வரம்புக்குள் வராது." பட்டம் சிபாரிசு செய்யப்பட்டது.

வரம்பு என்று அவர் சொன்னதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

தோடியின் காந்தாரம் காகிதத்தில் சாதாரண காந்தாரம். ஹார்மோனியத்தில் அதற்கு ஒரு கட்டை உண்டு. அந்தக் கட்டையை எவ்வளவு நேரம் அழுத்திக்கொண்டிருந்தாலும் தோடி வராது. அந்த ஸ்வரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைவதுதான் அது. நம் ஆய்வேடுகளோ கமகத்தை 'ஆர்னமெண்ட்' என்று ஆங்கிலத்தில் பெயர்த்து, பிறகு அந்த ஆங்கிலத்தையே தமிழாக்கி 'அணி' என்கின்றன. அணி என்றால் கழற்றி வைக்கலாம். தோடியில் கமகத்தைக் கழற்றினால் மிஞ்சுவது தோடி அல்ல, ஒரு ஸ்வர வரிசை. ஒரு தவறான சொல் ஒரு துறை முழுவதையும் தவறான பொருளை ஆராய வைத்திருக்கிறது. 1904இல் 'சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி'யை வெளியிட்ட எட்டயபுரம் சமஸ்தான வித்வான் சுப்பராம தீக்ஷிதர், ஸ்வரக் குறிப்போடு கமகங்களுக்கும் தனிக் குறிகள் போட்டார். கமகத்தை விட்டுவிட்டால் எழுதுவதில் அர்த்தமில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் டாக்டர் பட்டத்துக்காக எழுதவில்லை.

பல்கலைக்கழக ஆய்வே வீண் என்று சொல்ல வரவில்லை. எஸ். சீதாவின் தஞ்சாவூர் இசை வரலாறு (1981) போன்ற நூலுக்கு வேண்டியது ஆவணங்களைப் படிக்கும் பொறுமையும் நிதானமும். அங்கே காதைக் கேட்பது அநாவசியம். ஆனால் ராகம் என்றால் என்ன என்பது கேள்வியாகிவிட்டால், ஆவணம் வாசல் வரைக்கும்தான் வரும்.

1970களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம்மவர்கள் இருவர் முனைவர் பட்டம் பெற்றார்கள். ஒருவர் பாடகர் எஸ். ராமநாதன், அவர் எடுத்துக்கொண்டது சிலப்பதிகாரத்தின் இசை. மற்றவர் புல்லாங்குழல் டி. விஸ்வநாதன், வீணை தனம்மாளின் பேரன். அவர் எடுத்துக்கொண்டது ராக ஆலாபனை. எழுதி வைக்கப்படாத, உருப்படியாகப் பாடம் சொல்லித்தர முடியாத பகுதி அது.

ராமநாதனின் விஷயத்தைப் பாருங்கள். பழந்தமிழரின் செம்பாலை இன்றைய சங்கராபரணமா, அரிகாம்போதியா என்று அறிஞர்களிடையே பழைய சண்டை. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு நிஷாதம். அரிகாம்போதியின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக ஆதாரமாக்கிக்கொண்டு போனால் சங்கராபரணம், கரகரப்ரியா, தோடி, கல்யாணி, நடபைரவி எல்லாம் வரும். சங்கராபரணத்திலிருந்து புறப்பட்டாலும் இதே வட்டம்தான் வரும். ஆக வட்டத்தின் கணக்கு மட்டும் வழக்கைத் தீர்க்காது. உரையாசிரியர்களின் சொற்களைத் தொண்டையில் வைத்துப் பார்க்கிற ஒருவன் வேண்டும். ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை என்று ஸ்வரப் பெயரிட்டு வட்டமாக நிறுத்துகிற இடத்தைப் புலவர் படிப்பதும் பாடகர் படிப்பதும் ஒன்றல்ல. ராமநாதன் பாடகராகப் படித்தார். மேடையில் பாடிக் காட்டியே பேசிய மனிதர் அவர்.

இந்த இருவரும் செய்தது சாமான்யமான காரியமல்ல. நம் ஆய்வேடுகளில் ஓதுவாரும் நாகஸ்வரக்காரரும் 'தகவலாளர்' என்ற பெயரில் வருகிறார்கள். நாற்பது வருஷம் ஊதியவர் தகவல். இரண்டு வருஷம் அவரைப் பேட்டி கண்டவர் டாக்டர். தகவலாளர் பேனாவை வாங்கிக்கொண்டு தானே எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ராமநாதனும் விஸ்வநாதனும் உதாரணம். அதற்கு அவர்கள் கனெக்டிகட் மாநிலம் வரை போனார்கள் என்பது நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

2018இல் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத் திருட்டைத் தடுக்க விதி செய்தது. பிற எழுத்தோடு ஒற்றுமை பத்து சதவிகிதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. நல்ல விதிதான். ஆனால் ஆய்வேட்டில் எத்தனை சதவிகிதம் சொந்தக் காதால் கேட்டது என்று யாரும் அளப்பதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் வட்டத்து நண்பர்கள் சிரிக்கக்கூடும். பேராசிரியர்களைப் பார்த்துச் சிரிப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் கவிதையில் ஒரு சொல் இடம் மாறி நின்றால் பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிற நாம், இசை என்று வந்ததும் 'உருகினேன்', 'கரைந்தேன்' என்பதைத் தாண்டி என்ன எழுதியிருக்கிறோம்? 'மோகமுள்' படித்துவிட்டுச் சங்கீதம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டவர்கள்தானே நாம்? என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆய்வேடு அட்டவணைக்குள் ஒளிந்துகொள்கிறது. நாம் பரவசத்துக்குள் ஒளிந்துகொள்கிறோம். இரண்டு இடத்திலும் கேட்டது என்ன என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

தேர்வு முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெரியவர் வராந்தாவில் நின்றிருந்தார். பெண் அவரிடம் போய், மெல்லிய குரலில், காந்தாரத்தைப் பாடினார். இரண்டு தரம். பிறகு, "ஏறும்போது இந்த அசைவு ஒரு மாதிரி இருக்கு, இறங்கும்போது வேற மாதிரி இருக்கு மாமா. எங்க குருவும் அப்படித்தான் பாடுவார். ஏன்னு யோசிச்சிருக்கேன், ஆனா அதை எங்கே எழுதறதுன்னு தெரியல்லே" என்றார்.

முந்நூறு பக்கங்களில் அந்த வாக்கியம் இல்லை. ஆராய்ச்சி அதிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். எங்கே எழுதுவது என்ற அவர் கேள்விக்கு இந்தப் பத்திரிகை பதில் சொல்லலாம். அவர் எழுதித் தந்தால் நாலு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். என்னுடைய அடுத்த கட்டுரையின் இடத்தையே கொடுத்துவிடலாம்.