குருதிச் சான்றும் மலையகத் தமிழரும்: ஒரு மதிப்பீடு

ஒருவர் யார் என்னும் வினாவுக்கு விடையிறுக்கும் அதிகாரம் மலையகத்தில் நெடுங்காலம் காகிதத்திடமே இருந்தது. கங்காணி காலத்துத் துண்டும் தோட்டத்துச் செக்றோலும் ஒருபுறமிருக்க, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையோ பாட்டனும் பூட்டனுமோ இத்தீவிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. அது பெரும்பாலாரிடம் இருக்கவில்லை. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே எனத் தலைகளை எண்ணிப் பிரித்தது. இன்று அவ்வதிகாரத்தின் ஒரு கூறு டீ.என்.ஏ. சோதனையிடம் சென்றிருக்கிறது. அதன் தீர்ப்பு எத்தகைய அடிப்படையில் எழுகின்றது என ஆராய்தல் தகும்.

1984இல் லெஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்ரிஸ் கண்ட இந்நுட்பம் முதலிற் பயன்பட்டது கொலை வழக்கொன்றில் அன்று. 1985இல், கானாவிலிருந்து பிரித்தானியா திரும்பிய சிறுவன் ஒருவன் தன் தாய்க்கு மகனே என நிறுவிய குடிவரவு வழக்கொன்றிலாகும். மலையக வாசகருக்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாது.

இம்முறையின் உட்பொருள் எளிது. நிறமூர்த்தங்களின் சில இடங்களிற் சிறு தொடர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன; எத்தனை முறை வருகின்றன என்பது ஆளுக்காள் வேறுபடும். ஓரிடத்திற் காணும் வடிவம் குடித்தொகையில் எவ்வளவு அரிது எனக் கணித்து, பல இடங்களுக்குரிய எண்களைப் பெருக்கினால், தற்செயலாக மற்றொருவர் பொருந்தும் நிகழ்தகவு கிடைக்கும். ஆனால் எந்தக் குடித்தொகையில்? இவ்வினாவே 1991இல் லெவொன்ரினும் ஹார்ட்டிலும் 'சயன்ஸ்' இதழில் எழுப்பிய ஆட்சேபத்தின் கருவாகும். ஒரே பெயரால் அழைக்கப்படும் மக்களுள்ளும் தம்முள்ளேயே மணஞ்செய்யும் உட்குழுக்கள் உண்டெனின், வெறும் பெருக்கல் உண்மையை மிகைப்படுத்திவிடும்.

இலங்கை ஆய்வுகளிற் குறிப்பிடத்தக்கன சில வேறொரு வினாவிலேயே மனஞ்செலுத்தின. 1988இல் வெளிவந்த சாஹாவின் கட்டுரை குருதிக் குறிகளைக் கொண்டு விசயன் கதையை மறுபரிசீலனை செய்தது. 2014இல் வெளிவந்த இழைமணி டீ.என்.ஏ. ஆய்வு வேடர், மலைநாட்டுச் சிங்களவர், கீழ்நாட்டுச் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என ஐந்து கூட்டத்தாரை ஒப்பிட்டது. யார் எங்கிருந்து வந்தனர் என்பது வரலாற்று மாணவனுக்கு இனிய வினா. இந்த உடல் யாருடையது என்பது நீதவானின் வினா. முன்னையதன் விடை பின்னையதற்கு உதவுமெனக் கொள்ளல் தவறு. மனித வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் குடித்தொகைகளுக்கு உள்ளேயே அடங்குகிறது என 1972இலேயே லெவொன்ரின் காட்டியிருந்தார்.

'இந்தியத் தமிழர்' என்பது 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு தனித்து வகுத்த பெயர், உயிரியல் வகுத்ததன்று. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி எனப் பல சீமையினரும் பல சாதியினரும் அப்பெயருள் அடங்குவர். கங்காணி தன் ஊராரையும் உறவினரையுமே திரட்டி வந்தமையால், ஒரு தோட்டத்து லயங்கள் ஓர் ஊரின் கிளைபோலவும் அமைந்தன. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கு இதனை மேலும் இறுக்கியது. ஹற்றனில் அடுத்தடுத்த இரு தோட்டங்களை ஒரே மாதிரியெனக் கொள்ள முடியுமா?

ஐக்கிய அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 1996ஆம் ஆண்டு அறிக்கை இதற்கொரு திருத்தம் கூறிற்று: பொதுக் குடித்தொகைக்கு 0.01, சிறிய தனித்த குடித்தொகைக்கு 0.03. பத்து சதவீதம் காணப்படும் எதிருரு ஒன்றை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்க. வெறும் பெருக்கலில் அவரது வடிவம் 100இல் ஒன்று. முதல் திருத்தத்தின்படி 67இல் ஒன்று. இரண்டாவதன்படி 37இல் ஒன்று. தோட்ட மக்களுக்கு எது பொருந்தும்? ஐந்து கூட்டங்களாக வகுத்துவிட்ட பட்டியலில் இதற்கு விடையில்லை.

இக்குறையை மிகைப்படுத்தலும் நேர்மையன்று. இருபது இடங்கள் முழுமையாக வாசிக்கப்படுமாயின் எத்திருத்தமும் முடிவை அசைக்காது. மேலும், இளந்தலைமுறையினர் கொழும்புக்குச் செல்லவே மணவட்டமும் விரிகின்றது. இடர்ப்பாடு, சிதைந்த மாதிரியில் ஐந்தாறு இடங்களே கிடைக்கும்போதும், ஒப்பிடப்படுவோர் நெருங்கிய உறவினராகும்போதுமே தோன்றுகின்றது. தோட்டத்தில் இவ்விரண்டும் ஒருங்கே நேர்தல் அரிதன்று.

2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் ஊவாவின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மூடுண்டோரிற் சிலரது உடல் மீட்கப்படவேயில்லை. இத்தகைய அழிவில் ஒரு குடும்பமே மண்ணுட் புதையும்போது, தாய்வழி மட்டுமே செல்லும் இழைமணிக் குறி அண்ணனையும் தம்பியையும் வேறுபடுத்தாது. பெற்றோரோ பிள்ளையோ எஞ்சாவிடத்துத் தந்தைவழிச் சுற்றத்தாரின் மாதிரியும் வேண்டப்படும். 1964க்குப் பின் பிரிந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அச்சுற்றத்தார் கடலுக்கு அப்பால், நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் இருக்கின்றனர்.