குத்துவாள் கைமாறிய கணம்

1760-ல் லண்டனுக்கு வந்த ஜெர்மானியர் ஜோஹன் ஸோஃபனிக்கு முதலில் கிடைத்த வேலை, கடிகார முகப்புகளில் சித்திரம் தீட்டுவது. அடுத்து பெஞ்சமின் வில்சன் என்ற ஓவியரிடம் உதவியாளர். உழைப்பு இவருடையது, பெயர் அவருக்கு. அங்கிருந்து இவரை வெளிச்சத்துக்கு இழுத்து வந்தவர் ட்ரூரி லேன் அரங்கின் நட்சத்திரம் டேவிட் காரிக். வெறும் கலையார்வம் என்று நினைக்க வேண்டாம். ஓவியத்திலிருந்து அச்சுப்படம் போட்டால், நாடகக் கொட்டகைப் பக்கமே வராதவர் வீட்டுச் சுவரிலும் தன் முகம் தொங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர் காரிக்.

குடித்துவிட்டுப் பெண் உடையில் காவலர்களோடு மல்லுக்கு நிற்கும் சர் ஜான் புரூட் என்ற நாடகப் பாத்திரமாக ஸோஃபனி வரைந்த காரிக் சிரிக்க வைப்பார். ஆனாலும் எனக்கு மேக்பெத் ஓவியம்தான் ஒரு படி மேல். அரசனைக் கொன்று வந்தவனின் கைகள் வெறுமையாய் விரிந்திருக்கின்றன; குத்துவாள்கள் மனைவியிடம் போய்விட்டன. மனைவியாக ஹன்னா பிரிச்சர்ட். காரிக் குள்ளம், அந்த அம்மாள் நல்ல ஆகிருதி. அந்த வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதற்கு வசனமே வேண்டாம்.

உடையைப் பாருங்கள். பழைய ஸ்காட்லாந்துத் தளபதி, 18ஆம் நூற்றாண்டுக் கனவானின் ஜரிகைக் கோட்டில் நிற்கிறான். அன்றைய மேடை வழக்கம் அது. சார்லஸ் மேக்ளின் ஸ்காட்லாந்து உடையில் மேக்பெத்தாக வந்தது 1773-ல்தான். காரிக், பிரிச்சர்ட் இருவரின் நடிப்பையும் பார்த்திருந்த ஓவியர் ஹென்றி ஃபியூசலி, 1812 வாக்கில் இதே காட்சியைத் தீட்டினார். உடை கரைந்து, உடல்கள் ஆவிகளாகி, இருட்டுதான் மிஞ்சுகிறது. ஓவியமாக அதுவே பெரிது. ஆனால் அதில் ஷேக்ஸ்பியர் இருக்கிறார், நடிகர்கள் இல்லை. கடிகார முகப்பில் பழகிய ஸோஃபனியின் கையோ ஒரு பொத்தானைக்கூட விட்டுக்கொடுக்காது. ஆழமில்லை என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. 1768 ஏப்ரலில் பிரிச்சர்ட் இதே மேக்பெத் மனைவி வேடத்தோடு மேடையிலிருந்து விடைபெற்றார்; ஆகஸ்டில் இறந்தார். காரிக் அதன்பின் மேக்பெத்தைத் தொடவில்லை. அந்த ஜோடி மேடையில் எப்படி நின்றது என்று தெரிய, ஆழத்தைவிட இந்தப் பொத்தான் கணக்குதான் உதவுகிறது.

பிறகு ஸோஃபனிக்கு அரச குடும்பம், ஃபுளோரன்ஸ், 1783-ல் இந்தியா. லக்னோவில் வாரன் ஹேஸ்டிங்ஸுக்காகத் தீட்டிய சேவல் சண்டை ஓவியத்தில் நவாப் ஆசஃப் உத் தௌலா, வெள்ளுடை அணிந்த கர்னல் மார்டாண்டை நோக்கிக் கைகளை நீட்டி நிற்கிறார். சுற்றிலும் பெருங்கூட்டம், கண் போவது அந்த இருவரிடம்தான். ட்ரூரி லேனில் கற்ற பாடம் அது.